நட்சத்திரத்தைச் சந்தேகப்படாத தூசி அண்ணன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தூசி அண்ணனைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி இதுவரை பிறந்ததில்லை. பிறந்திருந்தால், "உண்மையிலேயே பிறந்தானா, யாராச்சும் சொன்னாங்களா?" என்று அண்ணன் விசாரித்திருப்பார்.

கமுந்திங் தொழிற்பேட்டையில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அங்கே தூசியே இருக்கக் கூடாத ஓர் அறை உண்டு. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். அந்த அறையின் காற்றில் எத்தனை தூசி மிதக்கிறது என்று ஒரு கருவியை வைத்து எண்ணுவதுதான் அண்ணனின் வேலை. அதனால் தமிழர்களுக்கு அவர் தூசி அண்ணன், மலாய்க்கார சூப்பர்வைசருக்கு 'அபாங் ஹபோக்', அதற்கும் தூசி அண்ணன் என்றுதான் அர்த்தம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

முகத்தில் பவுடர் போட்டு வந்தவர்களை வாசலிலேயே மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை மேனேஜரையே அனுப்பினார். மேனேஜர், "நான் பவுடர் போடுவதே இல்லை" என்றார். அண்ணன் அவர் காதுக்குப் பின்னால் விரலால் தடவி அவர் கண்முன் காட்டினார். அன்று முதல் மேனேஜர் அந்தப் பக்கம் வருவதானால் போன் செய்துவிட்டுத்தான் வருவார்.

நானும் அவரும் தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, அவருக்கு நாற்பதுக்கு மேல். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் கூட்டுவது, துடைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர். நான் செய்த வேலை, அவர் கூட்டும்போது காலைத் தூக்கிக்கொள்வது.

அவரோடு பசாருக்குப் போவது ஒரு தண்டனை. எங்கள் பசாரில் மீன் கடைகளுக்கு மேல் சிவப்பு மூடி போட்ட விளக்குகள் தொங்கும். அந்த வெளிச்சத்தில் முந்தாநாள் மீனும் இப்போதுதான் கடலைவிட்டு வந்தது போல இருக்கும். அண்ணன் மீனின் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெயிலுக்கு நடப்பார். பின்னாலேயே கடைக்காரச் சீன அக்கா கத்தியோடு ஓடி வருவார்.

"ஏய், மீனு செத்துப்போச்சுலா! அதுக்கு வெயிலு எதுக்கு?"

"மீனு மேல எனக்குச் சந்தேகம் இல்லக்கா. ஒங்க வெளக்கு மேலதான்."

அவருடைய சந்தேகத்தின் விசேஷமே அதுதான். பொருளைச் சந்தேகப்பட மாட்டார். பொருளுக்கும் தமக்கும் நடுவில் எது நிற்கிறதோ, அதைத்தான் சந்தேகப்படுவார். கண்ணாடி, திரை, வெளிச்சம், புகை, தகவல் சொல்லும் ஆள், எல்லாமே அவருக்குக் குற்றவாளிகள். கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது பேசினால், கதவைத் திறந்த பிறகுதான் பதில் சொல்வார். ஜெரெபு காலத்தில், அதுதான் அந்தப் புகைமூட்டக் காலத்தில், சூரியன் செக்கச்செவேல் என்று தொங்கும். ஊரே போனைத் தூக்கிப் படம் எடுக்கும். அண்ணனுக்கு மட்டும் கோபம் வரும். "பாவம்லா, அது எப்பவும் போலத்தான் எரியுது. இங்க நடுவுல எவனோ காட்டக் கொளுத்திட்டு, அது மூஞ்சியச் செவப்பாக்கிட்டான்" என்பார்.

இப்படிப்பட்டவர் வானத்து நட்சத்திரங்களில் போய் விழுந்ததில் ஆச்சரியமில்லை. நட்சத்திரங்களுக்கு நடுவிலும் தூசி இருக்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்கு நிம்மதி போயிற்று. "நம்ம ரூம்ல நாலு தூசி கூடுனா அலாரம் அடிக்குது. அங்க பாரு மச்சான், கோடிக்கணக்கான வருஷமா ஒருத்தனும் கூட்டவே இல்ல!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் அவர் வானத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. கண்ணையும் நம்ப மாட்டார், கமுந்திங் மேகத்தையும் நம்ப மாட்டார். ஆராய்ச்சிக்காரர்கள் அகச்சிவப்பு ஒளியில் வானத்தை அளந்து எல்லோருக்கும் பொதுவாகப் போட்டு வைத்திருக்கும் பட்டியலை ஒரு பழைய லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தார். விருச்சிக ராசிப் பக்கம் உள்ள ஒரு தூசி மேகத்தைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் கைலியைக் கட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக விசாரிப்பார்.

விசாரணை இப்படி. மேகத்துக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் மங்கலாகவும் சிவப்பாகவும் தெரிகிறது. அது பிறவிச் சிவப்பா, நடுவில் உள்ள தூசி ஏற்றிவிட்ட சிவப்பா? நட்சத்திரத் தூசி புகையைப் போல மிக நுண்ணியது. நீல ஒளி குட்டை அலை, அதில் சிக்கிச் சிதறிவிடும். சிவப்பு நெட்டை அலை, ஓரளவு தாண்டி வந்துவிடும். அதனால் அந்தப் பக்கம் எதுவாகக் கிளம்பினாலும் இந்தப் பக்கம் சிவந்துதான் வந்து சேரும். அண்ணன் அதே மேகத்துக்குப் பின்னால், அசல் நிறம் இன்னதென்று நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு நட்சத்திரத்தைத் தேடிப் பிடிப்பார். அதற்குச் சாட்சி நட்சத்திரம் என்று பெயர் வைத்திருந்தார். சாட்சியின் அசல் நிறத்துக்கும் அது நமக்குத் தெரியும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் தூசியின் கைவேலை. அந்த அளவை முதல் நட்சத்திரத்திலிருந்து கழித்துவிட்டால் மிச்சம் அதன் சொந்த நிறம்.

ஒருநாள் சாப்பிடும்போது, எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டிக்கொள்ள, "அகச்சிவப்பு ஒளி தூசிய அப்படியே ஊடுருவி வந்துடுமாமே அண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டார்.

"எவன் சொன்னான்?"

"பேப்பர்ல படிச்சேன்."

"அதுவும் மங்கும்லா! கொஞ்சமா மங்கும். அகச்சிவப்புலயும் குட்ட அலை கூட மங்கும், நெட்ட அலை கொறச்சலா மங்கும். அதனால அங்கயும் ஒரு செவப்பு ஏறும். கொஞ்சமா மங்கறத ஒண்ணுமே மங்கலன்னு சொல்றவன நம்பாத மச்சான். கொஞ்சத்த விட்டவன் முழுசையும் விடுவான்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்படிப்பட்ட ஆளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டேன்.

காம்பாரில் ஒரு மருந்துக்கடையில் கலா வேலை பார்த்தாள். நண்பன் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்துப் பேசி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அவள் அப்பா சிலிம் ரிவர்க்காரர். ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர், தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்ட பிறகு டவுனில் வீடு வாங்கி வந்துவிட்டார். ஈப்போவில் இருக்கும் என் வீட்டார் போய்ப் பெண் கேட்டார்கள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். நம் ஆட்கள் கல்யாண விஷயத்தில் 'விசாரிப்பது' என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பையனைத் தவிர மற்ற எல்லோரையும் கேட்பார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கலாவின் சித்தப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். நான் வெளியே போயிருந்தேன். அண்ணன் வழக்கம்போலக் கிரில் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசியிருக்கிறார். பேச்சு நடந்த விதத்தை அண்ணனே பிற்பாடு ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னார்.

"இங்க இருக்கற தம்பி எப்படி?"

"யாரு கேக்கறது?"

"சும்மாலா, தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னா ஏன் கேக்கறீங்க?"

"நல்ல பையனான்னு..."

"நான் சொன்னா ஒத்துக்குவீங்களா? நான் அவனோட கூட்டாளி. நல்லவன்னுதான் சொல்லுவேன். நடுவுல நான் நிக்கிறேன்ல? எஞ்சொல்ல வெச்சு ஒரு முடிவுக்கு வராதீங்க."

அண்ணனுக்கு அது நேர்மை. சித்தப்பாவுக்கு அது தடயம். கூட இருப்பவனே வாயைத் திறக்க மாட்டேன் என்கிறானே என்று, மனிதர் தெருவில் இறங்கிவிட்டார். எதிர் வீடு, முடிவெட்டும் கடை, முனையில் உள்ள சாப்பாட்டுக் கடை என்று ஒன்று விடவில்லை. அவர் கேட்டதை அவர் மனைவியிடம் சொல்ல, அந்த அம்மாள் கலாவின் அத்தையிடம் சொல்ல, கண் மூக்கு காது எல்லாம் வைத்துக்கொண்டு செய்தி சிலிம் ரிவர் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கலா போன் செய்தாள்.

"ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"என்னது?"

"பொய் சொல்லாதீங்க. கமுந்திங்ல ஒரு குடும்பம் இருக்காமே. குடிச்சிட்டு விடிகாலைலதான் வீட்டுக்கு வாரீங்களாமே. கூட இருக்கறவரே ஒங்களப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்னுட்டாராமே."

நைட் ஷிப்ட் முடித்து விடிகாலையில் வராமல் பின்னே எப்போது வருவது? சொன்னேன். அவள் நம்பினாள், ஆனால் அவள் நம்பி என்ன பயன்? "அடுத்த ஞாயித்துக்கிழம சாயந்திரம் வேற எடத்துலேர்ந்து பாக்க வாராங்க. அப்பா சொல்லிட்டாரு" என்றாள். அதன் பிறகு அழுகைதான் கேட்டது.

நான் நேராக அண்ணனிடம் போனேன். அவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லவன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்க வாய்ல இருக்கற முத்தா உதிர்ந்துடும்?" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காத வாய். "ஒங்களுக்கு எங்கண்ணே தெரியும் மனுசங்களோட அரும? பெத்த அம்மா சாவுக்கே போகாத ஆளுதானே நீங்க!"

அது தெருவில் எல்லோரும் சொல்வதுதான். வந்த புதிதில் முடிவெட்டும் கடையில் என்னிடமும் சொன்னார்கள். நான் நம்பினேன். சும்மா நம்பியதோடு விடாமல், தொழிற்சாலை கேன்டீனில் நாலு பேரிடம் நானும் சொல்லியிருந்தேன்.

அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மேலும் கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு துணியை உதறிக் காயப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் அவர் நடவடிக்கை சரியில்லை. வேலை விட்டு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போவார். எதிர் வீட்டு வாசலில் நிற்பார். சாப்பாட்டுக் கடைக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டு எழுதுவார். என்னைப் பற்றித்தான் இன்னும் மோசமாக ஏதோ சேகரிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒருமுறை நான் பக்கத்தில் போனதும் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் வந்த சந்தேகத்தைப் பார்த்திருந்தால் அவரே மெச்சியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை எழுப்பினார். "குளிச்சிட்டு வா. சிலிம் ரிவர் போலாம்."

"எதுக்கு?"

"காடில ஏறு."

அவருடைய பழைய காடியின் முன்கண்ணாடியை வழியில் நான்கு தடவை இறங்கித் துடைத்தார். ஈப்போவைத் தாண்டும்போது சுண்ணாம்புக்கல் உடைக்கும் மலைப் பக்கம் வெள்ளையாகத் தூசி கிளம்பி நின்றது. அதைப் பார்த்ததும்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இது பெரிய தூசி. நீலம் செவப்புன்னு நிறம் பாக்காது, எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் மங்க வெக்கும். நேர்மையான தூசி" என்றார்.  

கலாவின் அப்பா கிரில் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு நீங்க?"

"கதவத் தொறங்க மாமா, சொல்றேன்."

"சொல்லுங்க, தொறக்கறேன்."

அண்ணன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கிரிலுக்கு வெளியே நின்று பதில் சொன்னார். "இவனப் பத்தி ஒங்களுக்கு வந்த தகவல் கோணலாப் போனதுக்குக் காரணம் நான்தான். அத நிமித்த வந்துருக்கேன்."

கதவு திறந்தது. மாமா எங்களை உட்காரச் சொன்னார், தான் உட்காரவில்லை. சமையலறை வாசலில் கலா நின்றாள். அண்ணன் நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"இவனப் பத்தி எங்க தெருவுல சொன்னது ஒங்களுக்குத் தெரியும். அதே தெருவுல, அதே ஆளுங்ககிட்ட, என்னப் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதியிருக்கேன். இவன் எப்படிப்பட்டவன்னு ஒங்களுக்குத் தெரியாது. ஆனா நான் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும். ஜனங்க சொல்றதுக்கும் எனக்கும் எவ்வளவு வித்தியாசம்னு இதுல இருக்கு. அத இவன்கிட்டேருந்து கழிச்சுப் பாருங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனிதர் தன்னையே சாட்சி நட்சத்திரமாகக் கொண்டு வந்து வைத்திருக்கிறார்.

மாமா லேசுப்பட்டவர் இல்லை. நோட்டைத் தொடாமலே கேட்டார். "இது நீங்களே குந்தி எழுதுனது இல்லன்னு நான் எப்படி நம்பறது?"

அண்ணன் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. "அப்படிக் கேளுங்கலா!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "எல்லார் போன் நம்பரும் கடைசிப் பக்கத்துல இருக்கு. நீங்களே அடிச்சுக் கேளுங்க. தூசின்னு சொன்னா தெரியும். நான் பேச மாட்டேன்."

மாமா ஒரு நம்பரை அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். முடிவெட்டும் கடை. "அண்ணே, அந்தத் தூசி தூசின்னு ஒருத்தர் இருக்காரே, ஆளு எப்படி?"

"ஐயோ, அதுவா! பாதிப் பைத்தியம்லா. குடின்னா குடி. பொண்டாட்டி தாங்காம ஓடிப்போச்சு. ரெண்டு புள்ளைங்கள வேற விட்டுட்டுப் போச்சுன்னு பேச்சு."

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் போல இருந்தார். மாமா போனை வைத்தார்.

"ஒங்களுக்குக் கல்யாணம்...?"

"ஆவவே இல்ல மாமா."

"குடி?"

"பால் போடாத டீ ஓ மட்டும்தான். அதுவும் கிளாஸ கழுவிட்டு."

சமையலறைப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா சிரிக்கவில்லை. அடுத்து எதிர் வீட்டம்மாவின் நம்பரை அடித்தார், அதற்கடுத்துச் சாப்பாட்டுக் கடை நம்பரை. அவர்களும் வஞ்சகமில்லாமல் குடியையும் குடும்பத்தையும் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் கல்யாணமாகாத ஆண் யாராக இருந்தாலும் இரண்டும் கிடைக்கும் என்பது ஊர்ஜிதமாயிற்று. கடைசியில் அவரே யோசித்து, எங்கள் தொழிற்சாலை கேட்டில் நிற்கும் காவலாளியின் நம்பரை வாங்கி அடித்து என்னைப் பற்றிக் கேட்டார். "அவனா? ஒழுங்கா நேரத்துக்கு வாரான், போறான்" என்றார் காவலாளி. யாருக்கும் பெண் கொடுக்கவோ எடுக்கவோ இல்லாத மனிதர், அவர் சொன்னதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை.

"இதுபோதும்" என்றார் மாமா.

"போதாது மாமா" என்றார் அண்ணன். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "இதுலயும் கொஞ்சம் தூசி இருக்கு. நேரத்துக்கு வாரான், நெசந்தான். ஆனா நான் எழுப்பி, என் காடில ஏத்திக் கூட்டிட்டு வாரதாலதான். தானா எழும்ப மாட்டான். தட்டு கழுவ மாட்டான். கூட்டுனா காலத் தூக்கிக்குவான். அப்புறம் கோவம் வந்தா வாய்க்கு வந்தத பேசிடுவான். இதெல்லாம் கழிச்ச பெறகு மிச்சம் நிக்கறது. இந்தச் செவப்பு அவனோட சொந்தச் செவப்புதான்."

"யார அப்படிப் பேசுனான்?"

"அது இங்க தேவையில்ல."

அவர் அதைச் சொன்னபோது நோட்டு என் பக்கம் திரும்பியிருந்தது. மூன்று கட்டமாகக் கோடு போட்டு, அளவெடுத்தது போன்ற கையெழுத்தில் எழுதியிருந்தார். சொன்னது, சொன்னவர், உண்மை. குடி, முடிவெட்டும் கடை, தவறு. மனைவி ஓடிவிட்டாள், எதிர் வீடு, தவறு. பைத்தியம், எல்லோரும், தெரியவில்லை. இப்படி ஆறு வரி. அதற்குக் கீழே ஏழாவது வரி.

அம்மா சாவுக்குப் போகவில்லை. சொன்னவர்: கூட இருப்பவன். உண்மை: தவறு. கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தேன். கண்ணை மூடும்போது அம்மா கை என் கையில் இருந்தது.

எழுத்து என் கண்ணில் கலங்கிப்போயிற்று. மாமாவும் அந்த வரியைப் படித்தார். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'கூட இருப்பவன்' யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும், லோரி ஓட்டிய மனிதர் எத்தனையோ ஆட்களைப் பார்த்திருப்பார். நோட்டை மூடி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கலா, சாயந்திரம் வாரவங்களுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடு. அண்ணனுக்கு டீ ஓ கலக்கு. கிளாஸ ரெண்டு தடவ கழுவும்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தட்டு கழுவப் பழகிக்கங்க தம்பி" என்றார்.

திரும்பி வரும் வழியில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காம்பார் வரைக்கும் வந்துவிட்டேன். கடைசியில், "அண்ணே, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீயா சொல்லல மச்சான். ஒனக்கு அப்படித்தான் வந்து சேந்துச்சு. என்ன, என்கிட்ட ஒரு தடவ நேராக் கேட்டிருக்கலாம்" என்றார்.



இப்போது நான் கலாவோடு ஈப்போவில் இருக்கிறேன். தட்டு கழுவுகிறேன். அண்ணன் இன்னும் அதே கமுந்திங் வீட்டில்தான், அதே விருச்சிகத்து மேகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். வீடியோ கால் என்றால் எடுக்க மாட்டார், நடுவில் இரண்டு கண்ணாடி இருக்கிறதாம். பேச வேண்டுமென்றால் காடியை எடுத்துக்கொண்டு நேரில்தான் வருவார். அவர் காடிச் சத்தம் கேட்டதும் நான் கிரிலைத் திறந்து, கொசுவலைக் கதவைத் திறந்து, மூக்குக் கண்ணாடியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்பேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதிரே வருகிற மாடுகூடத் தெரியாது. அண்ணன் மட்டும் நன்றாகத் தெரிகிறார்.